அழைப்புக்கு யார் சாட்சி?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து சாவகாசமாக இருக்கும்போது வாசியுங்கள்.

இந்த மாதம் ஒரே விஷயம் மூன்று பக்கத்திலிருந்து என்னிடம் வந்தது. நாலாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பையன் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறான். சிறு வயதிலிருந்து அவனை அறிந்த ஒருவரின் கடிதம் வேண்டும் என்று படிவத்தோடு வந்து நின்றான். (பெயர் சொல்லமாட்டேன். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) இரண்டாவது, தேர்தல் நேரம். நம் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு அணியாகப் பிரிந்து நீங்கள் போடுகிற சண்டையைத் தினமும் வாசிக்கிறேன். மூன்றாவது, வெளியூரில் இருக்கும் தங்கை மகள் போனில் சொன்னது: "பெரியம்மா, சபைத் தலைவர்களைப் பற்றிக் கேள்விப்படுவதையெல்லாம் பார்த்தால் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகவே மனசு வரவில்லை."

மூன்றுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். வேறு சமயத்தைச் சேர்ந்த என் மாணவர்களும் வாசிக்கலாம். பஞ்சாயத்துத் தலைவர், தலைமை ஆசிரியர், கோயில் தர்மகர்த்தா என்று யாரைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தக் கேள்வி உங்களுக்கும் உண்டு.

முதலில் அந்தப் படிவம். அதில் ஒரு கேள்வி: "விண்ணப்பதாரருக்கு இறை அழைப்பு உண்டு என்று கருதுகிறீர்களா?" முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவள் நான். இந்தக் கேள்விக்கு மார்க் போட என்னால் முடியாது. அழைப்பு ஒருவனுடைய உள்ளத்தில் கேட்பது. பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்காது. "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று ஒருவர் மேடையில் நின்று சொன்னால், இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அந்தத் துணிவு நமக்கு வராது என்பது தெரிந்தே அந்த வாக்கியத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

குணம் அப்படியில்லை. அதற்கு ஊரெல்லாம் சாட்சி. மனைவிக்குத் தெரியும், வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்குத் தெரியும், மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும், கணக்கு நோட்டுக்குத் தெரியும்.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருமுறை ஒரு பாடம் நடத்தினேன். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம். கண்காணியாக வருகிறவன் எப்படி இருக்கவேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் வருகிறது. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் "திறமை", மறுபக்கம் "குணம்" என்று எழுதி, பட்டியலில் உள்ளதைப் பிரித்துச் சொல்லச் சொன்னேன். திறமைப் பக்கம் விழுந்தது ஒன்றே ஒன்று: போதிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பது. மற்றதெல்லாம் மறுபக்கம் போயிற்று. குடிக்கு அடிமையாக இருக்கக்கூடாது, கைநீட்டி அடிக்கிறவனாக இருக்கக்கூடாது, பண ஆசை கூடாது, வந்தவர்களை உபசரிக்கவேண்டும், சண்டைக்காரனாக இருக்கக்கூடாது, சொந்த வீட்டை ஒழுங்காக நடத்தவேண்டும், நேற்று விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக்கூடாது. கடைசியில் வருவதுதான் எங்கள் கூட்டத்தை அமைதியாக்கியது: சபைக்கு வெளியே உள்ளவர்களிடமும் அவன் நல்ல பெயர் எடுத்திருக்கவேண்டும்.

இந்தப் பட்டியலில் எங்கேயும் நல்ல குரல் வேண்டும் என்று இல்லை. கூட்டம் சேர்க்கத் தெரியவேண்டும் என்றும் இல்லை. எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்ற விசாரணையும் இல்லை. நம் குழுவில் நடக்கிற சண்டையில் இந்த மூன்றைத் தவிர வேறு எதையாவது யாராவது பேசினீர்களா என்று மேலே போய்ப் பாருங்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் நாம் எல்லோரும் படித்த கதை சிறுவன் சாமுவேலின் கதை. ராத்திரியில் தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட, ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து ஓடுவான். அது முதலாம் சாமுவேல் மூன்றாம் அதிகாரம். அழகான கதைதான். ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவதில்லை. ஏலியின் மகன்கள் இருவரும் பிறப்பால் ஆசாரியர்கள். பதவி வந்துவிட்டது, குணம் வரவில்லை. ஜனங்கள் கொண்டுவரும் பலியில் நல்ல பாகத்தை மிரட்டி வாங்கினார்கள். ஜனங்கள் காணிக்கையையே வெறுத்துப்போகும் அளவுக்கு அது போயிற்று. என் தங்கை மகள் போனில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

பன்னிரண்டாம் அதிகாரத்தையும் சொல்லுவதில்லை. அங்கே சாமுவேல் தலை நரைத்த கிழவர். எல்லா ஜனங்களையும் கூட்டி நிறுத்தி, நான் உங்களில் யாருடைய மாட்டையாவது, கழுதையையாவது பிடித்துக்கொண்டு போனதுண்டா, யாரையாவது ஒடுக்கினதுண்டா, லஞ்சம் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டதுண்டா, இருந்தால் இப்போதே சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று கேட்கிறார். அழைப்பு வந்தது தனி அறையில், இருட்டில். கணக்கு ஒப்புவித்தது பட்டப்பகலில், ஊர் நடுவே. இடையில் எட்டாம் அதிகாரத்தில் அவருடைய சொந்த மகன்களே லஞ்சம் வாங்கினார்கள் என்று வேதம் மறைக்காமல் எழுதியிருக்கிறது. அழைப்பை உயில் எழுதி வைக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி நம் மண்ணின் மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். வேதநாயகம் சாமுவேல் அசரியா. பெயரைப் பள்ளிக்கட்டடங்களில் பார்த்திருப்பீர்கள், ஆளைப் பற்றி அதிகம் கேட்டிருக்கமாட்டீர்கள். 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். மெஞ்ஞானபுரம் விடுதியில் தங்கிப் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வரை போனார். உடல்நலம் கெட்டதால் கடைசிக் கணக்குத் தேர்வை எழுத முடியாமல், பி.ஏ. பட்டம் இல்லாமலே வெளியே வந்தவர். இருபத்தொரு வயதில் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகச் சேர்ந்தார். 1898-ல் அன்பு அம்மையாரை மணந்தார். அந்த அம்மா கல்லூரிப் படிப்பை எட்டிய திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்களில் முன்வரிசைக்காரர். இவர் வரதட்சணை வாங்கவில்லை. அவருடைய குணத்தைப் பற்றி வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இந்த ஒன்று எனக்குப் போதும். நம் குடும்பங்களில் ஊழியக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் எத்தனை பவுன் என்ற பேச்சு இன்றும் நடக்கிறது.

1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு திரும்பினார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிற்று. இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம், இந்திய மிஷனரிகள். ஐதராபாத் நிஜாமின் சீமையில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதியில் வேலை ஆரம்பமானது.

இனிமேல்தான் முக்கியமான இடம். சங்கத்துக்காக ஊர் ஊராகப் போய், "மிஷனரியாகப் போக வாருங்கள்" என்று இளைஞர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான். கூப்பிடக் கூப்பிட, "நீ ஏன் போகவில்லை?" என்று அவருக்குள்ளேயே கேள்வி எழுந்தது. அப்போது அவர் இந்தியா முழுவதும் பேர்பெற்ற ஒய்.எம்.சி.ஏ. தலைவர். அதை விட்டுவிட்டு 1909-ல் குருத்துவப் பட்டம் பெற்று, முப்பத்தைந்து வயதில், தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போய்ச் சேர்ந்தார். தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டிய வயது அது இல்லை. படித்தார். நான் பார்த்தவரை, உண்மையான அழைப்பு ஒருவரை வசதியிலிருந்து கீழே இறக்கித்தான் விடுகிறது. கேட்ட உடனே காரும் பங்களாவும் வருகிற அழைப்பைக் கொஞ்சம் நின்று விசாரித்துக்கொள்வது நல்லது.

மறு ஆண்டு 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த அந்தச் சபையில் எழுந்து, நீங்கள் எங்களுக்கு எவ்வளவோ கொடுத்தீர்கள், உழைத்தீர்கள், ஆனால் எங்களைச் சமமாக வைத்துப் பழகவில்லை, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று சொன்னார். பலருக்குக் கோபம். துணிச்சலாகப் பேசுவது பெரிய காரியம்தான். அதைவிடப் பெரியது, அதிகாரம் தன் கைக்கு வந்தபிறகு அதே அளவுகோலைத் தனக்கும் வைத்துக்கொள்வது.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். வெள்ளைக்காரரில் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களிலும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள், அதில் சாதியும் இருந்தது. அவர் பதில் எழுதிக்கொண்டு உட்காரவில்லை. அடுத்த முப்பத்திரண்டு வருஷம் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். அவருடைய சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற இரண்டு ஒடுக்கப்பட்ட சமூகத்தார். ஊரார் இந்த இருவரையும் ஒதுக்கினார்கள். இவர்களும் ஒருவர் கையால் மற்றவர் சாப்பிடமாட்டார்கள். இருவரையும் ஒரே கர்த்தருடைய பந்தியில் உட்காரவைக்க அவர் விடாமல் உழைத்தார். ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவரையும் தன் தலைமேல் தானே கைவைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு ஐயோ என்ற பொருளில் உறுதி சொல்லவைத்தார். அழைப்பு என்பது அங்கி போட்டவருக்கு மட்டும் உரிய சொத்து இல்லை என்று அந்தக் கூலிக்காரச் சனங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த விதம் அது. ஊழியத்துக்குப் படிக்க வந்தவர்களின் மனைவிமாருக்கு அன்பு அம்மையார் பாடம் நடத்தினார்.

தோர்ணக்கல் பேராலயத்தைக் கட்டி முடிக்க வருஷக்கணக்கில் ஆயிற்று. 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டை. கோயில் மண்டபத் தூண்களும், பள்ளிவாசல் போன்ற குவிமாடங்களும் சேர்ந்த கட்டடம் அது. சென்னையிலிருந்து தில்லி போகிற ரயில் தோர்ணக்கல் சந்திப்பு வழியாகத்தான் போகும். அடுத்த முறை போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவர் காலத்தில் அந்தத் திருமண்டலத்தில் கிறிஸ்தவர்கள் 2 லட்சத்தைத் தாண்டினார்கள். 1945 ஜனவரி 1-ல் அங்கேயே காலமானார். சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்து பெரிய பதவியில் உட்காரவில்லை. எந்தச் சனத்துக்காகப் போனாரோ அவர்கள் நடுவிலேயே அடக்கம்.

பெரியவர்களின் கதை போதும். நான் கண்ணால் பார்த்த இரண்டு பேரைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

ஒருவர் பிரசங்கத்தில் மன்னர். அவர் பேசினால் அடுத்த சேகரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். கோயில் கூரைக்கென்று காணிக்கை பிரித்தார். பீடி சுற்றுகிற பெண்கள் வாரக்கூலியிலிருந்து கொடுத்தார்கள். அவர் மாற்றலாகிப் போனபிறகும் கூரை ஒழுகியது. கணக்கு கேட்ட பெரியவரை, "அபிஷேகம் பண்ணப்பட்டவரை எதிர்க்கிறாய்" என்று சபை நடுவே வாயடைத்தார்கள். அந்தப் பெரியவர் அதற்குப்பிறகு சாகும்வரை கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவருடைய பிள்ளைகளும் வருவதில்லை. பணம் போனது சின்ன நஷ்டம்.

மற்றவர் பிரசங்கத்தில் பாதிப்பேர் தூங்குவார்கள். நானும் பிள்ளைகளைக் கிள்ளிக் கிள்ளித்தான் உட்காரவைப்பேன். 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே, அந்த ராத்திரி அவர் கோயில் கதவையும் தன் வீட்டுக் கதவையும் சேர்த்துத் திறந்துவிட்டார். ஆற்றோரத்துக் குடிசை ஜனங்கள், எந்தச் சமயம், எந்தச் சாதி என்று கேட்காமல் உள்ளே வந்தார்கள். ஐயரம்மா வீட்டில் இருந்த அரிசி முழுவதையும் கஞ்சியாகக் காய்ச்சிவிட்டார்கள். மறுவாரம் சில மூப்பர்கள், ஆராதனைக்குரிய ஜமக்காளம் அழுக்காகிவிட்டது என்று குறை சொன்னபோது, அவரே அதைத் துவைத்துக் காயப்போட்டார். அவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஜமக்காளம் கொடியில் காய்ந்தது ஞாபகம் இருக்கிறது. அந்தக் குடிசைக்காரர்களில் ஒருவர், இன்றும் திருநீறு பூசுகிறவர், போன வருஷம் என்னிடம், "அந்தச் சாமியார் இருக்காரா டீச்சர்?" என்று விசாரித்தார். சபைக்கு வெளியே உள்ளவர்களிடம் நல்ல பெயர் என்று பவுல் சொன்னது இதைத்தான்.

இனி என் மாணவனுக்கு வருகிறேன். அவன் முதல்முறை வந்தது போன வருஷம். பொறியியல் படித்து, நிலையான வேலை அமையாமல் இருந்த நேரம். "அழைப்பு வந்திருக்கு" என்று அவன் அம்மாதான் சொன்னார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். அம்மா போனபிறகு கேட்டேன். "டீச்சர், சத்தம் ஒண்ணும் எனக்குக் கேக்கல. ஆனா வேற எதுலயும் மனசு நிக்கல" என்றான். எனக்கு அது பிடித்தது. "ஐயர் வேலையே கிடைக்காதுன்னு வச்சுக்கோ, அப்பவும் இதைச் செய்வியா?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "தெரியல டீச்சர்" என்றான். "அப்போ தெரிஞ்சுக்கிட்டு வா" என்று அனுப்பினேன். சேகரத்தின் கடைக்கோடியில் பதினோரு வீடுகள் உள்ள ஒரு சபை இருக்கிறது. சபை ஊழியர் இல்லை. சம்பளமில்லாமல் ஞாயிறுதோறும் போய் அவர்களுக்கு வேதம் வாசித்துவிட்டு வரச் சொன்னேன்.

எட்டு மாதம் போனான். பஸ் இல்லாத நாளில் சைக்கிளில் போயிருக்கிறான். அங்கே ஒரு பாட்டிக்குக் கண் ஆபரேஷன் செய்ய அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் கூட இருந்திருக்கிறான். இதை அவன் சொல்லவில்லை. அந்த ஊரிலிருந்து பூ விற்க வருகிற பெண் சொன்னாள். நம் தெருமுனை மளிகைக் கடை பாயிடமும் நானே போய் விசாரித்தேன். "அவங்க அப்பா படுத்த படுக்கையா இருந்தப்ப கடன் நின்னுச்சு டீச்சர். யாரும் கேக்காமலே மாசா மாசம் வந்து அடைச்சான். சொன்ன தேதி தவறல" என்றார்.

கடிதத்தில் என்ன எழுதினேன் என்று அவனுக்குக் காட்டிவிட்டுத்தான் ஒட்டினேன். அழைப்பு உண்டா என்ற கேள்விக்கு நேரே, "அது அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ளது. நான் கண்டதைக் கீழே எழுதுகிறேன்" என்று எழுதினேன். நாலாம் வகுப்பில் சத்துணவு முட்டை ஒன்று குறைந்த நாளில், லீடராக இருந்தவன் சொல்லாமல் தன் பங்கை விட்டதை எழுதினேன். பாய் சொன்னதையும், பாட்டியையும் எழுதினேன். முன்கோபம் உண்டு, ஒருமுறை ஒரு பையனின் மூக்கில் ரத்தம் வரும்படி அடித்திருக்கிறான், அதை அவன் இன்னும் கவனிக்கவேண்டும் என்பதையும் எழுதினேன். அதை வாசித்துவிட்டு, "இதுவும் வேணுமா டீச்சர்?" என்றான். "வேணும்ல. உன்னை வளர்க்கப் போறவங்களுக்கு இதுதான் முதல்ல வேணும்" என்றேன். முகம் சுருங்கியது. ஆனாலும் வாங்கிக்கொண்டு போனான். எடுத்துக்கொள்வார்களா தெரியாது. எடுக்காவிட்டால் பதினோரு வீட்டுக்குப் போவதை நிறுத்தமாட்டேன் என்று அவனாகச் சொன்னான். போன வருஷம் கேட்ட கேள்விக்கு அது பதில்.

தங்கை மகளே, உனக்குச் சொல்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. கெட்ட மேய்ப்பர்களைப் பற்றி வேதம்தான் நம்மைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறது. தவறு செய்கிறவர்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் மூடி மறைக்காதே. அதே மூச்சில் ஜமக்காளம் துவைத்தவரையும் சொல்லு.

வாக்குப் போடப்போகிற உறவினர்களே, உங்களுக்கு நாலு கேள்வி தருகிறேன். வேட்பாளரிடம் கேட்கவேண்டாம், அவரைச் சுற்றி உள்ளவர்களிடம் கேளுங்கள். முன்பு இருந்த பொறுப்பில் கணக்கை யாரும் கேட்காமலே ஒப்புவித்தாரா? அவருக்கு உதவி எதுவும் செய்யமுடியாத ஏழையிடம் எப்படிப் பேசுகிறார்? தோற்ற பிறகு கோயிலுக்கு வந்தாரா? சபைக்கு வெளியே உள்ள அண்டைவீட்டார் என்ன சொல்கிறார்கள்? இந்த நாலில் "நம்ம ஆள்தானா?" என்ற கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வார்த்தை நமக்கும். ஆளுயர மாலையும் பேனரும் பட்டாசும் வைத்து வரவேற்பது நாம். நாலு பேர் காலில் விழ விழ, நல்ல மனுஷனுக்கும் தலை கனக்கும். பிறகு குணம் கெட்டுவிட்டது என்று பேசுவதும் நாமே. ஐயர் வீட்டில் அரிசி இருக்கிறதா, ஐயரம்மாவுக்குப் பேச ஆள் இருக்கிறதா, பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு பள்ளி மாறி அவதிப்படுகிறார்களா என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்? நல்ல ஊழியரை ஆண்டவர் தருவார். அவரைக் கெடுக்காமல் வைத்திருப்பது சபையின் வேலை.

இதில் உங்களுக்கு மாறான கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள், எழுத்துப்பிழை இல்லாமலும் எழுதுங்கள், டீச்சர் இன்னும் பார்க்கிறேன்! அந்தப் பையனுக்காகவும் அந்தப் பதினோரு வீடுகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்